தேங்காய்த் தண்ணீரில் நனைந்த புராசஸர்

எனக்குப் பயம் என்பது காலையில் பல் துலக்குவது மாதிரி ஒரு பழக்கம். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். வீட்டுக்காரரின் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்த பிறகு அந்தப் பழக்கம் முழுநேர வேலையாகவே ஆகிவிட்டது.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. முதலில் சின்னப் புண்தான். லோரி ஓட்டும் அவசரத்தில் அவர் அதைக் கவனிக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து இருபத்திரண்டு வருடம் கன்டெய்னர் இழுத்தவர். தெலுக் பங்லிமா காராங்கில் எந்தத் தொழிற்சாலைக்கு எந்தப் பக்கம் பின்வாசல் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட மனிதர் பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டின் ஏழாவது மாடியில், எட்டு மாதமாகச் சன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு சின்ன அழகு நிலையம் இருக்கிறது. புருவத்துக்கு த்ரெட்டிங், முகப்பூச்சு, சீசன் வந்தால் கல்யாண அலங்காரம். மணிக்கு ஒரு தடவை கடையிலிருந்து அவருக்கு ஃபோன் போடுவேன். "சாப்டீங்களா? மருந்து போட்டீங்களா?" என்று கேட்பேன். நான் கேட்க நினைப்பது வேறு, உயிரோடு இருக்கிறீர்களா என்பது. அவருக்கும் அது தெரியும். "இருக்கேன்" என்று மட்டும் பதில் சொல்வார்.

அந்த நிலையில்தான் கிள்ளானில் அவருக்குப் பழக்கமான ஒரு சரக்கு ஃபார்வர்டிங் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. எந்த லோரி எங்கே நிற்கிறது, எந்தக் கன்டெய்னர் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று வீட்டிலிருந்தே டிரைவர்களிடம் பேசிக் கணினியில் பதிவு செய்கிற வேலை. ஒரு வாரம் பார்ப்பார்கள், சரிப்பட்டு வந்தால் வேலை நிரந்தரம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பம். கம்ப்யூட்டர் எங்களுடையதாக இருக்க வேண்டும். இரண்டு திரை வேண்டும். அவர்களுடைய புரோகிராம் புது விண்டோஸில்தான் ஓடும் என்பதால் பத்து வருடப் பழைய பெட்டி எதுவும் உதவாது.

"செஞ்சு பாக்கலாம்" என்றார் அவர். அன்று மாலை நான் சொல்லாமலே சவரம் செய்துகொண்டார். இது நடக்காமல் போனால் அவர் மறுபடியும் அந்தச் சன்னலுக்குப் போய்விடுவார். இரண்டாவது தடவை அவரை அங்கிருந்து எழுப்ப என்னால் முடியாது.

கடையில் எல்லாம் புதிதாக வாங்க எங்களிடம் வசதி இல்லை. அதனால் நானே பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது என்று முடிவு செய்தேன். இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். எதைப் பழசாக வாங்கலாம், எதை வாங்கவே கூடாது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். இரண்டு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். பவர் சப்ளை புதிதாக இருக்க வேண்டும், அது கெட்டால் மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தகவலைச் சேமிக்கும் டிஸ்க்கும் புதிதாக இருக்க வேண்டும், எழுத எழுதத் தேய்கிற சாமான் அது. இந்த இரண்டையும் பெட்டி பிரிக்காமல் வாங்கினேன். மதர்போர்டும் மெமரியும் கிள்ளானில் ஒரு ரிப்பேர் கடையில் ஒரு மாத உத்தரவாதத்தோடு கிடைத்தன. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையை மூடியபோது இரண்டு திரைகளை மலிவாகத் தள்ளிவிட்டார்கள். அதில் ஒன்றின் தலையில் 'கேஷியர் 2' என்ற ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது.

பாக்கி புராசஸர் மட்டும்தான். கம்ப்யூட்டரின் மூளை. மூளையைப் போய் யாரோ ஒருவரிடம் பழசாக வாங்குவதா என்று மூன்று நாள் தூங்கவில்லை. அது லேசில் கெடாது என்றுதான் வீடியோக்காரர்கள் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டுக்காரரா திங்கட்கிழமை உட்காரப் போகிறார்?

விற்கிறவர் இருப்பது சாலாக் செலாத்தானில். சனிக்கிழமை காலை ரயில் ஸ்டேஷன் கேட்டில் கைமாற்றிக்கொள்ளலாம் என்று மெசேஜ் போட்டார். இந்த ஊரில் பழைய சாமான் வியாபாரம் பாதி அப்படித்தான் நடக்கிறது. வாங்குகிறவர் கேட்டுக்கு உள்ளே, விற்கிறவர் வெளியே. வெளியே வந்தால் மறுபடியும் டிக்கெட் எடுக்க வேண்டுமே. நான் உள்ளே நின்றேன். முப்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து, கேட்டுக்கு மேலே கையை நீட்டினார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் சிமிழுக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் இருந்தது. அடிப்பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொன்னிறப் பின்கள், ஒன்றுகூட வளையவில்லை.

"ஏன் விக்கிறீங்க தம்பி?" என்று கேட்டேன்.

"புதுசு மாத்திட்டேன் கா. இது நல்ல சாமான் லா. ஒரு வாரம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பிரச்சனைன்னா நான் திருப்பி எடுத்துக்கிறேன். பின் மட்டும் பெண்ட் ஆகக் கூடாது."

"உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "எனக்கு என்ன கஷ்டம் கா?" என்றார். எதற்குக் கேட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. கஷ்டப்பட்டு விற்கிற பொருளோடு அந்தக் கஷ்டமும் நம் வீட்டுக்கு வந்துவிடுமோ என்று உள்ளுக்குள் ஒரு அரிப்பு. ரயிலில் திரும்பும்போது அது இன்னும் அதிகமானது. பிரிக்பீல்ட்ஸில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோயிலுக்குப் போனேன். புது வண்டி வாங்கினால் பூசை போடாமலா ஓட்டுகிறோம்? பழைய லோரி வாங்கினாலும் முதலில் அதைத்தானே செய்வார்கள்.

அர்ச்சனைத் தட்டு வாங்கி, தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் சிமிழை வைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூடியிருந்தால் சாமி பார்வை படாதே என்று தோன்றியது. சிமிழைத் திறந்து வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் குருக்கள்.

"கம்ப்யூட்டருக்குங்க சாமி. அவருக்கு வேலை."

அவர் பேரும் நட்சத்திரமும் கேட்டார், சொன்னேன். மந்திரம் சொன்னபடியே தட்டோடு உள்ளே போனார். நான் கண்ணை மூடி, திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று மட்டும் வேண்டிக்கொண்டிருந்தேன். தட்டு திரும்பி வந்தபோது இரண்டு தேங்காய் மூடிகளும் ஈரமாகக் கிடந்தன. அதில் ஒன்று உருண்டு சிமிழின் மேல் உட்கார்ந்திருந்தது. சிமிழ் கவிழ்ந்து, புராசஸர் தட்டின் மூலையில் தேங்காய்த் தண்ணீரில் கிடந்தது. ஒரு ஓரத்துப் பின்கள் காற்றில் சாய்ந்த புல்லாகப் படுத்திருந்தன. நடுவில் குங்குமம் வேறு.

குருக்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. திறந்தது நான்தானே.

வீட்டுக்குப் போகவில்லை. விற்றவர் இன்னும் வரவில்லை என்று வீட்டுக்காரருக்கு ஒரு பொய் மெசேஜ் அனுப்பிவிட்டு, கடையைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ட்வீசர் துடைக்க வைத்திருக்கும் ஸ்பிரிட்டை ஊற்றி அதைக் கழுவினேன். தேங்காய் வாசனை போனது, குங்குமமும் கரைந்து போனது. ஃபேன் முன்னால் காயவைத்து, முகச்சுத்தத்துக்குப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். பதினொரு பின்கள் வளைந்திருந்தன. ஒன்று உடைந்தாலும் அவ்வளவுதான்.

எத்தனை ஆயிரம் புருவத்தில் ஒற்றை முடியைக் குறி பார்த்துப் பிடுங்கிய கை இது. அன்று ட்வீசரைப் பிடித்தால் நடுங்குகிறது. முதல் பின்னை மட்டும் எப்படியோ நிமிர்த்தினேன். இரண்டாவதைத் தொடவே முடியவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. இன்று கடை இல்லை என்று உள்ளேயிருந்தே சொன்னேன். "தெரியும். தொற" என்றது அவர் குரல்.

செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் ஊன்றுகோலோடு நின்றார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அவர் தனியாக வீட்டு வாசலைத் தாண்டியதே இல்லை.

"தனியாவா வந்தீங்க? விழுந்திருந்தா?"

"அஞ்சு தடவ ஃபோன் பண்ணிட்டேன். நீ எடுக்கல. கடைக்கு வந்திருப்பியோன்னு பாக்க வந்தேன். உனக்கு மட்டும்தான் பயம் வருமா?"

ஃபோனைப் பார்த்தேன். ஐந்து அழைப்புகள். கோயிலில் சத்தத்தை அணைத்தது அப்படியே இருந்தது. அவரை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புராசஸரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிமிழ எதுக்குத் தொறந்த?"

"சாமி பாக்கணும்னு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்காதீங்க. திங்கக்கிழம வேலைக்கு என்ன பண்ணுவீங்க?" என்று கத்தினேன்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு லா" என்றார். புராசஸரை விளக்குக்குக் கீழே இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டார். "நான் பாத்துச் சொல்றேன். நீ நிமித்து."

அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. லோரியை 'கோஸ்தான்' என்று பின்னுக்கு எடுக்க வழி சொல்கிற அதே குரலில் சொல்ல ஆரம்பித்தார். "இடது. இன்னும் கொஞ்சம் இடது. போதும். இப்ப கோஸ்தான். கோஸ்தான். ஸ்டாப்." அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு என் கையும் அடங்கியது. மீதிப் பத்து பின்களும் நிமிர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒன்றும் உடையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். மதர்போர்டில் புராசஸர் உட்காரும் இடத்தின் கம்பியைத் தூக்கிவிட்டு, பழக்கதோஷத்தில், "நீங்க இருங்க, நான் போடறேன்" என்றேன். அவர் கையை நீட்டினார்.

"கால்தான் இல்ல. கை இருக்குல்ல?"

எட்டு மாதமாக அவர் தட்டில் சோறு போட்டது நான், தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான், மாத்திரையைப் பிரித்துக் கொடுத்ததும் நான். ஒன்றையும் அவர் கேட்டதில்லை. நான்தான் விடவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புராசஸரை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அழுத்தக் கூடாது, தானாக விழ வேண்டும் என்று வீடியோவில் சொன்னதைச் சொன்னேன். அவர் ஓரத்தில் இருந்த சின்ன முக்கோணக் குறியைப் பார்த்து, மேலே வைத்து, விரலை எடுத்தார். அது உள்ளே இறங்கி உட்கார்ந்தது.

முதல் தடவை சுவிட்ச் போட்டபோது காற்றாடி மட்டும் சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. தேங்காய்த் தண்ணீர், தேங்காய்த் தண்ணீர் என்று தலைக்குள் ஓடியது. அவர் சுவிட்சை அணைத்து, மெமரித் துண்டை இன்னும் அழுத்தினார். 'டக்'கென்று சத்தம் வந்தது. மறுபடி போட்டோம். 'கேஷியர் 2' முதலில் வெளிச்சமானது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். ஒன்பது மணிக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. பத்துக்கு ஒரு வாடிக்கையாளருக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்தது. கை பொறுக்காமல் மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. அதற்கும் பதில் இல்லை.

"ஒரு நிமிஷம் மா" என்று அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். த்ரெட்டிங் நூல் கழுத்தில் தொங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டதோ, எழுந்து நிற்கப் போய் விழுந்துவிட்டாரோ, அந்தப் பாழாய்ப்போன புராசஸர் புகைந்து கரண்டு கிரண்டு அடித்துவிட்டதோ. லிஃப்ட் வருவதற்குள் எல்லாவற்றையும் நினைத்து முடித்திருந்தேன். சாவி துவாரத்தில் போகமாட்டேன் என்றது.

கதவைத் திறந்தேன்.

"அண்ணே, ரெண்டாவது கேட்டுக்குப் போவாதீங்க, அங்க ஜாம். பின்பக்கம் சுத்தி வாங்க, நான் செக்யூரிட்டி கார்டுகிட்ட சொல்லிட்டேன். ஆமா, நான்தான். நானேதான் லா."

ஃபோன் கட்டில்மேல் கவிழ்ந்து கிடந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கதவுச் சத்தம் கேட்டதும், பேசாதே என்று எனக்கு உள்ளங்கையை மட்டும் காட்டினார். இரண்டு திரையிலும் என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்தது. சன்னல் ஓரத்து நாற்காலியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

கடையில் அந்தப் பெண் ஒரு பக்கம் திருத்திய புருவமும் ஒரு பக்கம் திருத்தாத புருவமுமாகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணனுக்கு ஏதாச்சுமா கா?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல மா. வேலையா இருக்காரு."

நூலை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து, மறுபக்கத்தை ஆரம்பித்தேன். பாதியில் நூலை எடுத்துவிட்டு, அவள் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னேன்.

"வேலையா இருக்காரு."