றாஹிலாவின் வீட்டு உறுதி

சாய்ந்தமருது றாஹிலா நீதிமன்றத்துக்குள் காலடி வைத்தது அன்றுதான் முதல் தடவை. 1996ஆம் ஆண்டு. கரைவலை இழுக்கும் அவளுடைய கணவர் சீனிமுகம்மது, படகு எஞ்சின் ஒன்றைக் கொள்ளையடித்ததாகச் சொல்லிப் விசாரணை தொடங்காமலே பதினைந்து மாதம் விளக்கமறியல் சிறையில் கிடந்துவிட்டு, மேல் நீதிமன்றத்தின் எதிரிக் கூண்டில் நின்றார்.

சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்கு அரசே ஒருவரை அமர்த்தித் தரும். ஆனால் சண்டைக் காலம். அந்த வேலைக்கு வர ஆளில்லை. அன்றைய எட்டு வழக்குகளுக்கும் இருந்தவர் காரைதீவு கதிர்காமத்தம்பி ஒருவர்தான்.

"இவருக்குக் கல்வீடு இருக்கு ஐயா. சொந்தச் செலவில வைக்கலாம்" என்று பதிவாளர் நீதிபதியிடம் சொன்னார்.

பின்வரிசை வாங்கிலிருந்து றாஹிலா எழுந்தாள். "அது அவர்ர ஊடில்ல ஐயா. என்ட ஊடு."

பொலிஸ்காரர் இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் இருக்கவில்லை.

"கதைக்கட்டும்" என்றார் நீதிபதி.

"என்ட வாப்பா சீதனமாத் தந்த ஊடு. உறுதிப் பத்திரம் என்ட பேரிலதான் இரிக்கி. கொண்டு வந்திரிக்கன்."

"அதை ஈடு வைக்கலாம்தானே?" என்று நீதிபதி கேட்டார்.

"மூணு பொம்புளப் புள்ளையள் ஐயா. அதுகளுக்கும் சீதனம் அந்த ஊடுதான்."

"அப்ப இவருக்கு என்னதான் சொந்தம்?"

"உடுத்திரிக்கிற சாரம் ஐயா."

சீனிமுகம்மது தலையைக் குனிந்துகொண்டார். வீட்டில் குரல் உயர்த்தாத பெண் அவள். நீதிபதி உறுதியை முழுதாக வாசித்தார். பிறகு, இவருக்கும் நீங்களே என்பதுபோல் கதிர்காமத்தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வழக்கு அடுத்த தவணைக்குப் போனது. அந்தத் தவணை நாளில் கதிர்காமத்தம்பி விறாந்தையில் அரை மணித்தியாலம் சீனிமுகம்மதுவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே போய், சீனிமுகம்மதுவை அடையாளம் காட்டிய சாட்சியிடம் சாந்தமாகக் கேட்டார்:

"அடையாள அணிவகுப்புக்கு முதல் இவரை எங்கயாவது பாத்தீங்களா?"

"ஓம். பொலிஸில வாங்கில இருத்தி வெச்சிருந்தாங்க. இவர்தான் எண்டு காட்டினாங்க."

சீனிமுகம்மது கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இதையேதான் பதினைந்து மாதமாக அவர் கண்டவர்களிடமெல்லாம் சொல்லியிருந்தார். அப்போது ஒருவர் காதிலும் விழவில்லை. இப்போது நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார்.

அடையாளம் காட்டியது செல்லாது என்றானது; அன்று பின்னேரமே விடுதலை.

"அல்லாஹ்வே, ஒரு மனிசன் எழும்பி நிண்டு கேட்டா இவ்வளவு நடக்குமா?" என்றார் வெளியே வந்து.

நன்றி சொல்ல றாஹிலா கதவடியில் காத்து நின்றாள். கதிர்காமத்தம்பி வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் வேறொரு கோப்பை விரித்தபடி, கூண்டில் ஏறிய அடுத்தவரிடம் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்.