சிப்பாயின் தோளில் என் ஊசி

குத்தியது நான்தான். பக்கத்து வீட்டு எல்லப்பன் அண்ணனின் நாய் சிப்பாயைச் சாகக் கிடத்தியது என் கை. அவர் மனைவி குப்பம்மாக்காவின் கை அல்ல!

குத்தும் எண்ணம் எனக்கு எங்கே உதித்தது தெரியுமா உங்களுக்கு? மாட்டு ஆஸ்பத்திரியில், டாக்டரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது. காசிமேட்டுக் கரையில் கட்டுமரத்தைப் பிரிக்கையில் ஒரு கட்டை உருண்டு சிப்பாயை இடித்திருந்தது. தோல் கிழியவில்லை. ஆனால் சில நாளில் தோளில் ஒரு வீக்கம்; தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளும்பியது. டாக்டர் ஊசியால் உறிஞ்சினார். இளஞ்சிவப்பாய் நீர் வந்தது. சீழ் இல்லை, அடிபட்ட இடத்தில் ஊறும் நீர்தான் என்று சொல்லி இறுக்கிக் கட்டினார். மறுபடி நிறைந்தால் பயப்பட வேண்டாம், அழைத்து வாருங்கள், நீங்களாகக் கை வைக்காதீர்கள் என்றார்.

நான் கேட்டேனா? இண்டர்மீடியட்டில் விலங்கியல் படிக்கிறவனாயிற்றே... இவ்வளவுதானா வித்தை என்று துள்ளியது மனம்!

மறுபடி நிறைந்தது. அண்ணன் கடலில், அக்கா மீன் கூடையோடு தெருத்தெருவாய். கட்டுத்துணியை அவிழ்த்தேன். படகுப் பாய் தைக்கும் பெரிய ஊசியை அலையில் நன்றாக அலசினேன். எங்கள் கரையில் எந்தக் காயத்துக்கும் முதல் மருந்து கடல் தண்ணீர். வலை அறுத்த விரலை அதில்தான் முக்குவோம். மீன் குடல் மிதக்கும் அதே தண்ணீர்! படித்த எனக்கு அது தோன்றவில்லை... தோன்றவே இல்லை.

நீர் பீச்சியடித்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பழையபடி கட்டிவிட்டு நழுவினேன்.

பிறகு வந்தது காய்ச்சல். தோள் அனலாய்க் கொதித்தது. சிப்பாய் சோற்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கட்டு வேற மாதிரி கீதே. நீ அவுத்தியா?" என்று மனைவியைக் கேட்டார் அண்ணன்.

"மொனகிக்கினே கெடந்துச்சு. கொஞ்சம் தளத்தி வுட்டேன், அவ்ளோதான்."

"உன் கை பட்டுச்சு. அதான்."

நான் வாசலில் நின்றிருந்தேன். ஏன் வாயைத் திறக்கவில்லை? அடிக்குப் பயந்தா? இல்லை. தெருவில் என்னை 'டாக்டரு' என்பார்கள், பாதி கேலி, பாதி பெருமை. அந்தப் பெயர் போய்விடுமே என்றுதான்!

கை ரிக்ஷாவில் சிப்பாயை மடியில் கிடத்திக்கொண்டு ஓடினோம். டாக்டர் கீறிச் சீழை வடித்து, மிச்சமும் வடியத் துணித்திரி வைத்தார். தினமும் காய்ச்சி ஆறிய நீரில் கழுவிக் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது ஊசியைக் கண்டாலே கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

சிப்பாய் பிழைத்துவிட்டது! நேற்று ஒரு காகத்தைத் துரத்தியது. புண் அடியிலிருந்து சிவந்து தூர்ந்து வருகிறது.

ஆனால் குப்பம்மாக்கா அதைத் தொடுவதில்லை. மீன் தலையைக் கையாலேயே ஊட்டியவள், சட்டியைத் தூர வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டேன். "வேணாம் நைனா, என் கை ஆவாத கை" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன் நான்!

சொன்னால் மன்னிப்பாளா? தெரியாது. அண்ணன் இனி என்னை நாயருகே விடாமலும் போகலாம். விடாவிட்டால் போகட்டும்.

நாளை அவர் கடலுக்குப் போகாத நாள். கட்டு மாற்றும்போது சிப்பாயின் தலையைப் பிடித்துக்கொள்ள அக்காவைத்தான் கூப்பிடப் போகிறேன். வரமாட்டேன் என்பாள். அப்போது, அண்ணன் காதில் விழும்படி, சொல்ல ஆரம்பிப்பேன்.