லீற்றருக்குப் பதினான்கு என்று விற்ற ஜீப்

காலை 6.10, மடுல்கெல்ல கடைவீதி. நாற்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்ததற்குத் தோட்டம் கொடுத்த சேவைக்காலப் பணம் வங்கியில் கிடக்கிறது. அதை ஒரு ஜீப்புக்கு லீசிங் முற்பணமாகக் கட்டலாமா, கூடாதா என்று பார்க்கத்தான் இந்தப் பயணம். ஜீப்பை ஓட்டப்போவது என் தம்பி மகன் செல்வராஜ். கொழும்பில் டிரைவராக இருந்தவன். வடக்கே சண்டை மும்முரமானதும் அங்கே தினம் ஒரு பொலிஸ் பதிவு, தினம் ஒரு விசாரணை என்றாகி வேலையை விட்டு வந்துவிட்டான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

வண்டியைக் கொண்டுவந்த புரோக்கர் சந்திரன் கண்டிக்காரன்.

"சின்ன ஜீப்புதாம்மா, ஆனா உள்ள எல்லாம் பெரிய எடத்து சாமான். தோல் சீட்டு, ஏஸி. லீற்றருக்குப் பதினாலு குடுக்கும். பெற்றோலக் குடிக்காது, மோந்து பாத்துட்டு ஓடும்."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று இரண்டு கிலோ கழிப்பவர்களோடு நாற்பத்தொரு வருடம் மல்லுக்கு நின்றவள் நான். வண்டியிலிருந்த பெற்றோல் முள்ளை நம்ப மறுத்துவிட்டேன். தோட்டத்து லொறிக்குச் செய்வதுபோல, டேங்கை வாய் வரை நிரப்ப வேண்டும். ஓடிவிட்டு வந்து அதே இடத்தில் மறுபடி வாய் வரை நிரப்ப வேண்டும். இரண்டாம் தடவை ஊற்றியது எவ்வளவோ, அதுதான் வண்டி குடித்தது.

7.05, வத்தேகம பெற்றோல் செட். கழுத்துவரை நிரப்பினோம். பெற்றோல் லீற்றர் நூற்றுப் பதினேழு ரூபா. இங்கிருந்து கண்டி பதின்மூன்று கிலோமீற்றர், கண்டியிலிருந்து கம்பளை இருபது. கம்பளையில் ஒரு துணிக்கடை ஹாஜியார், ஜீப்பை மாத வாடகைக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

7.40, கண்டிக்குள் நுழையும் இடத்தில் ஆமிச் சோதனைச் சாவடி. ஆமிக்காரர் செல்வராஜின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். ஓரமாக எடுக்கச் சொன்னார். ஓரத்தில் எங்களைப்போல இன்னும் ஐந்து வண்டிகள். ஆமி வாகனம் வந்தால் உடனே ஒதுங்க வேண்டுமாம், அதனால் என்ஜினை நிறுத்தக் கூடாதாம். நாற்பத்தைந்து நிமிடம் என்ஜின் ஓடியது, சக்கரம் ஓடவில்லை.

"ஏஸியையாவது நிப்பாட்டவாம்மா?" என்றான் சந்திரன்.

"வேணாம். எப்படிக் குடிக்குதுன்னு பாக்கத்தானே வந்தேன்."

அதே மாதிரி, அதே நிறத்தில் ஒரு ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. ஆமிக்காரர் கையை அசைத்து வழி விட்டார்.

"அதுவும் இதே வண்டிதான் அத்தை," என்றான் செல்வராஜ். "ஆளுதான் வேற."

பேராதனையில் அரை மணித்தியாலம். கம்பளைக்கு முன்னால் இன்னொரு இருபது நிமிடம். அங்கே என்னையும் இறக்கி, என் வெற்றிலைப் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பாக்குவெட்டியைப் பிடித்துக்கொண்டு இது எதற்கு என்று ஒரு பொடியன் கேட்கிறான்! இந்த மலையில் அவன் குடிக்கும் தேயிலையைப் பறித்த கை இது.

10.30, கம்பளை. ஹாஜியார் மரியாதையான மனிதர். கதிரை போட்டுத் தேநீர் வரவழைத்தார்.

"இவ்வளவு நேரமா? நேத்து சந்திரன் கொண்டு வந்து காட்டினப்ப நம்மட டிரைவர் பண்டா இதே வண்டிய இதே ரோட்டுல ஓட்டினார். பதிமூணு குடுத்திச்சே!"

"பண்டாவ எத்தனை எடத்துல நிப்பாட்டினாங்க?"

"அவர எங்க நிப்பாட்ட? கண்ணாடிய எறக்கி சிங்களத்துல ஒரு வார்த்த பேசினாப் போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கோவிச்சுக்காதீங்கம்மா, செல்றதக் கேளுங்க. வண்டி ஒங்கட பேருல ஈக்கட்டும். பண்டா ஓட்டட்டும். என்னையுந்தான் எறக்கிப் பாக்கிறாங்க, நான் என்ன செய்ய? எனக்கு சாமான் நேரத்துக்கு வரணும்."

நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பும் வழியிலும் அதே மூன்று இடம், அதே ஓரம். பேராதனையில் காத்துக் கிடந்தபோது செல்வராஜ் என்னைப் பார்க்காமல் சொன்னான்:

"அத்தை, ஹாஜியார் சொல்றபடி செஞ்சிருவோம். பணத்தக் கட்டுங்க. நான் பக்கத்துல ஒக்காந்து சாமான் எறக்குறேன்."

கொழும்புச் சந்தடியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவன். அவனையே கிளீனர் வேலைக்குக் கெஞ்ச வைத்துவிட்டார்கள். அன்று பட்டதிலெல்லாம் என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

மாலை 3.50, வத்தேகம. மறுபடி வாய் வரை நிரப்பினார்கள். ஓடியது அறுபத்தாறு கிலோமீற்றர். ஊற்றியது ஏழே முக்கால் லீற்றர். லீற்றருக்கு எட்டரை! தொள்ளாயிரத்து ஏழு ரூபா. பதினான்கு என்ற வாய்க்கு ஐந்நூற்றைம்பதில் முடிந்திருக்க வேண்டும்.

"வண்டியக் குறை சொல்லாதீங்கம்மா," என்று முந்திக்கொண்டான் சந்திரன்.

"ஒன் வண்டிய யாருய்யா குறை சொன்னா? பதினாலுன்னு சொன்னியே, யாரு ஓட்டினான்னு ஏன் சொல்லல?"

"பண்டாவப் போட்டா மாசாமாசம் பெற்றோல்லயே எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"என் பணத்துல வாங்குற வண்டிய என் மருமகன் ஓட்டக் கூடாதுன்னா, அந்த மிச்சம் எனக்கு எதுக்கு? சாவிய வாங்கிக்க."

பெற்றோல் காசு முழுவதையும் நானே கொடுத்தேன். சந்திரன் பாதி தருகிறேன் என்றான், வாங்கவில்லை.

4.30, மடுல்கெல்ல பஸ். ஜன்னலோரம் செல்வராஜ் உட்கார்ந்தான். பன்வில தாண்டிய பிறகு கேட்டேன்.

"ஓட்டோ ஒண்ணு லீற்றருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"இருபத்தஞ்சு குடுக்கும் அத்தை."

"நம்ம ஊர்ல இருந்து பன்வில வரைக்கும் எங்கயாவது நிப்பாட்டுறானா?"

"இல்ல."

"அப்ப அந்தக் கணக்க நம்பலாம்."

அவன் தலையாட்டினான். அடுத்த வாரம் ஓட்டோ பார்க்கப் போகிறோம். ஆனாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை. கண்டித் தெருவில் ஜீப் ஓட்ட வேண்டியவன் அவன்.