ஒரு கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய்

காலை 8.40. திருவள்ளூர் வீட்டில் சார்ஜர் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்தேன். பேட்டரி தொண்ணூறு சதவீதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வார்ப்படத் தொழிற்சாலை நடத்தும் சுதாகர் என்பவருக்கு எங்கள் மின்சாரக் காரை விற்கப் புறப்பட்டோம், நானும் மனைவி சகுந்தலாவும்.

கார் அவள் பணத்தில் வந்தது. பொன்னேரிப் பக்கம் அவள் பெயரில் இருந்த நிலம் விலைபோனபோது, இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்திருந்த அவள், உட்கார்ந்தால் வலிக்காத வண்டி வேண்டும் என்றாள். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கோடியே எட்டு லட்சம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை. பள்ளம் உடம்புக்குத் தெரியாது. ஆனால் ஒரு பை போனால் ஒன்றரை லட்சம். டயர்கள் மாற்றியதில் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம். இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். பேட்டரிக்கு எட்டு வருட உத்தரவாதம், மீதி மூன்று. அதன் பிறகு பேட்டரி போனால் இருபது லட்சத்துக்கு மேல் ஆகும் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

“வித்துட்டா தூங்குவீங்கன்னா வித்துத் தொலைங்க. நான் ஆட்டோல நெளிஞ்சிக்கினு போறேன்” என்று போன வாரம் அவளே சொல்லிவிட்டாள்.

9.35. பெரியபாளையம், 27 கிலோமீட்டர். கை மாறுகிற வண்டிக்கும் பூஜை போட வேண்டும் என்றாள் சகுந்தலா. வாகனம் நிறுத்த ஐம்பது ரூபாய். பூ, வேப்பிலை, நான்கு எலுமிச்சம்பழம், தேங்காய் எல்லாம் சேர்த்து இருநூற்று இருபது. பூக்காரம்மாவே முன்பக்கம் வேப்பிலை கட்டி, சந்தனம் அப்பி, குங்குமம் வைத்தார்.

“வண்டிய ஸ்டார்ட் பண்ணு நைனா, பழத்து மேல ஏத்தணும்.”

“ஸ்டார்ட்லதாம்மா இருக்குது.”

“இன்னா, சத்தமே காணோம்?”

“சத்தமெல்லாம் இவருதான் போடுவாரு” என்றாள் சகுந்தலா. பூக்காரம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

10.20. பெரியபாளையத்தை அடுத்த ஆரணி தாண்டும்போது திரையில் மஞ்சள் விளக்கு. முன்பக்கக் கேமரா இயங்கவில்லையாம், சர்வீஸுக்குப் போக வேண்டுமாம். விற்கிற நாளிலா! புதுவாயலில் நெடுஞ்சாலை ஏறி, கவரைப்பேட்டை கடந்தும் விளக்கு அணையவில்லை.

11.05. தொழிற்சாலை வாசல், 58 கிலோமீட்டர். செலவான மின்சாரம் பதின்மூன்று யூனிட், நூற்று நாற்பத்துமூன்று ரூபாய். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டரை.

சுதாகர் காரைச் சுற்றிவந்தார். “நாப்பத்தாறு லட்சம் தரேன் அண்ணா. டப்பு ரெடி.”

“ஒரு கோடி வண்டி!”

“பெரிய எலக்ட்ரிக் காருன்னா அப்படித்தான். புது மாடல் வந்துகினே இருக்குது. பழசு வாங்கப் பயப்படுறாங்க.”

மனத்துக்குள் வகுத்தேன். அறுபத்திரண்டு லட்சம் இறக்கம். ஓடியது முப்பத்தோராயிரம் கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு இருநூறு ரூபாய்! பேட்டரியையே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பெரிய செலவு, விலை இறங்கியதிலேயே போய்விட்டிருந்தது.

உள்ளே உட்கார்ந்த சுதாகர் மஞ்சள் விளக்கைப் பார்த்தார். “ரெண்டு லட்சம் குறைச்சுக்கலாம் அண்ணா.” நான் தலையாட்டிவிட்டேன்.

அம்மன் வேப்பிலையை விற்கக் கூடாது என்று அவிழ்க்கப் போன சகுந்தலா, குனிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். “இன்னாங்க, இங்க குட்டிக் கண்ணாடி ஒண்ணு இருக்குது. அது மேலயே சந்தனத்த அப்பிட்டாங்க.” பாட்டில் தண்ணீரில் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தாள். அது கேமராவின் கண். திரையில் விளக்கு அணைந்தது.

சுதாகர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரிம்மா, நாப்பத்தாறே!”

சகுந்தலா சிரிக்கவில்லை. “ஒரு பொட்டுக்கு ரெண்டு லட்சம் உட்டுட்டீங்களே. ராத்திரில முழிச்சிக்கினு போடுற கணக்கும் இப்படித்தானா?”

இதுவரை ஒரு காற்றுப்பைகூடப் போனதில்லை.

நாங்கள் திரும்பிச் செல்ல சுதாகர் வேன் ஏற்பாடு செய்திருந்தார். உயரமான படி. சகுந்தலா கைப்பிடியைப் பற்றி ஒரு காலைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

“சுதாகர், உத்தரவாதம் முடியுறப்ப வந்தா இன்னா தருவீங்க?”

“பேட்டரி நல்லா இருந்தா இருபத்தஞ்சு. இன்னா அண்ணா, மனசு மாறிடுச்சா?”

“மாறிடுச்சு. பேஜாரு பண்ணிட்டேன், மன்னிச்சுக்குங்க.”

“பரவால்ல அண்ணா. அம்மாவ ஏத்துங்க மொதல்ல” என்று அவரே கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

12.10. நெடுஞ்சாலை. முன்னால் மூன்று கண்டெய்னர் லாரிகள். சகுந்தலா இருக்கையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்: “கணக்கு போட்டாச்சா?”

“மூணு வருஷத்துல இன்னும் இருபத்தொரு லட்சம் இறங்கும். ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு ரூபாய். ஓட்டினாலும் போகும், நிறுத்தி வெச்சாலும் போகும்.”

“நிறுத்தி வெச்சாலுமா?” இருக்கையை நிமிர்த்திக்கொண்டாள். “அப்ப இன்னாத்துக்கு ஊட்டுக்குப் போறோம்? பொன்னேரில தங்கச்சி இன்னைக்கு மீன் குழம்பு வெச்சிருப்பா.”

புதுவாயலில் வலப்புறம் திரும்பினால் வீடு. திரும்பவில்லை. தச்சூரில் பொன்னேரிக்கு இடப்புறம் திருப்பினேன். பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். மின்சாரத்துக்கு முப்பது ரூபாய்.