அம்பு ஒட்டிய சிப்பாய்கள்

ஷோகேஸ் கண்ணாடியைத் தள்ளியதும் முதலில் வந்தது பழைய பிளாஸ்டிக் வாசனை. எனக்கு அது பிடிக்கும். என் வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காது. உள்ளே நிற்கும் பொம்மைச் சிப்பாய்களை எல்லாம் கட்டிலுக்கடியில் குடியேற்றும்படி எனக்கு உத்தரவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

போன தடவை வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், ஹாலில் அணிவகுத்து நிற்கும் என் படையை வெகுநேரம் பார்த்தார்கள். பிறகு தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். "பொண்ணோட அப்பாதான் கொஞ்சம் ஒரு மாதிரி." ஐம்பதைத் தாண்டியவனைப் பற்றி இத்தனை சுருக்கமாகவும் சரியாகவும் யாரும் சொன்னதில்லை.

"ஏனுங்க, ஒரு நாளைக்குத்தானுங்க," என்றாள் மனைவி. "மத்தவீங்க ஊட்டு ஷோகேஸ்ல தலையாட்டிப் பொம்மை இருக்குது, கப்பு இருக்குது. நம்மூட்டுல மூக்கில்லாத போலீஸ்காரன் நிக்கறான்."

"போலீஸ் இல்ல, சிப்பாய்."

"மூக்கு இல்லதானுங்க?"

இல்லைதான். கட்டைவிரல் உயரம், சிவப்புக் கோட்டு, உயரமான கறுப்புத் தொப்பி. ஒருவனுக்கு மூக்கில் பெயிண்ட் இல்லை, ஒருவனுக்குத் துப்பாக்கி வளைந்திருக்கிறது, மேளக்காரனுக்கு ஒரு கண் இல்லை. குறை எங்கேயோ அங்கே ஒரு குட்டிக் காகித அம்பு ஒட்டியிருக்கும். பனியன் கம்பெனி வாசலை மிதித்தவர்களுக்கு அந்த அம்பைத் தெரியும். துணியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால், செக்கிங்கில் அந்த இடத்தைக் காட்டி ஒட்டுகிற ஸ்டிக்கர்.

சிறுவயதில் எனக்கு இப்படிப் பொம்மை எல்லாம் கிடையாது. ராயபுரத்துச் சந்தில் பனியன் கம்பெனிகள் தூக்கிப்போடும், நூல் தீர்ந்த காலிக் கோன்களைக் கவிழ்த்து வரிசையாக நிறுத்துவேன். அதுதான் படை. காற்றடித்தால் போரிடாமலே விழும். தளபதியாக என் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

நிஜச் சிப்பாய்களைப் பார்த்தது வேலைக்குப் போன பிறகு. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் திட்டுவதைத் தமிழிலும், நம்மவர் திட்டுவதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்கிற உத்தியோகம். குழந்தைகளுக்கான பைஜாமா செட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பாலிபேக்கிலும் ஒரு பிளாஸ்டிக் சிப்பாயை இலவசமாகப் போட வேண்டும். பொம்மைகளை, துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரே மூட்டையாக அனுப்பிவிட்டார். எடுத்து உள்ளே போடுவது மட்டும்தான் நம் வேலை.

ஆனால் மூட்டை போய் இறங்கியது மும்தாஜ் அக்காவின் செக்கிங் டேபிளில். அந்த டேபிளுக்கு வந்த எதுவும் பார்க்கப்படாமல் நகர்ந்ததில்லை. வெள்ளைத் துணி விரித்து, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு சிப்பாயையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, அக்காவும் டேபிள் பெண்களும் குறையுள்ளவற்றில் அம்பு ஒட்டி ஒதுக்கிவிட்டார்கள். பேக்கிங்கில் பொம்மை பற்றாமல் போனபோதுதான் விஷயமே தெரிந்தது. வாசலில் லாரி நின்றுகொண்டிருந்தது.

மேனேஜர் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பொம்மைய யாரும்மா செக் பண்ணச் சொன்னது?"

"சொல்லோணுமாங்க?" என்றார் அக்கா. "கொழந்த கைக்குப் போறதுங்க. மூக்கில்லாத ஆளக் குடுத்தா அது அழுகாதா?"

"அது ஃப்ரீ ஐட்டம்."

"அழுகறதும் ஃப்ரீதானுங்க."

"ஸ்டிக்கரப் பிச்சிட்டு உள்ள போடச் சொல்லும்மா, டைம் இல்ல."

"நாங்க ஒட்டுனத நாங்க பிக்க மாட்டமுங்க. வேணும்னா நீங்க பிச்சுக்குங்க."

டேபிளைச் சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். மேனேஜர் கோபத்தோடு ஒரு சிப்பாயை எடுத்துப் பிய்த்தார். அம்போடு சேர்ந்து கன்னத்துப் பெயிண்டும் வந்துவிட்டது. அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இப்ப இதுக்கு ரெண்டு அம்பு ஒட்டோணுமுங்க."

நான் சிரித்துவிட்டேன். அந்த மாதம் முழுக்க அதற்கான பலனை அனுபவித்தேன்.

கடைசியில் கொஞ்சம் பாக்கெட்டுகள் பொம்மை இல்லாமலே கப்பலேறின. எந்த நாட்டிலிருந்தும் எந்தக் குழந்தையும் இன்றுவரை புகார் அனுப்பவில்லை. "இந்தச் சனியன என் கண்ணுல படாம எங்கயாவது கொண்டு போய்யா," என்று மேனேஜர், அம்பு ஒட்டிய சிப்பாய்கள் கிடந்த அட்டைப்பெட்டியை என் பக்கம் உதைத்தார். அக்கா நான் போகும்போது, "தம்பி, அம்ப மட்டும் பிச்சுராதீங்க," என்றார். பிய்க்கவில்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, மூக்கில்லாதவனைக் கையில் வைத்தபடி நின்றேன். கட்டில் காத்துக்கொண்டிருந்தது. பெண்ணின் கல்யாணத்தைவிட உனக்குப் பொம்மை பெரிதா என்று யாரும் கேட்பதற்குள் கட்டிலை நோக்கி ஓரடி வைத்தேன். இன்னும் இரண்டு பேரை எடுத்திருந்தால் எல்லாரையும் எடுத்திருப்பேன்.

உள்ளே இருந்து மகள் வந்தாள். "என்னங்கப்பா, அம்மா சொன்னாங்கன்னு எடுக்கறீங்களா?"

"உனக்காகத்தான் கண்ணு."

"எனக்காகன்னா இருக்கட்டும். பொம்மையப் பாத்து ஓடறவீங்க இப்பவே ஓடட்டும். கல்யாணத்துக்கப்புறம் ஓடுனா மண்டபக் காசு போயிரும்." அம்மா காதில் விழும்படி குரலை உயர்த்தினாள். "அவனக் கட்டலுக்கடியில போட்டீங்கன்னா நானும் பக்கத்துலயே போய்ப் படுத்துக்கறேன். அங்க வந்து பாத்துக்கட்டும்."

சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது. 

மூக்கில்லாதவனை முன்வரிசைக்கு, வருகிறவர்கள் உட்காரும் சோபாவுக்கு நேராக மாற்றி வைத்தேன். பசை காய்ந்து ஒருவனின் அம்பு கீழே கிடந்தது. அதை எடுத்து, அவன் குறைக்கு நேராகத் திரும்ப ஒட்டினேன். அந்தக் கம்பெனி கைமாறி, இடிபட்டு, இப்போது அங்கே கார் விற்கிறார்கள். பைஜாமாவுக்குப் பொம்மை கொடுக்கும் பையர்களும் இல்லை. மும்தாஜ் அக்கா மகனோடு எந்த ஊருக்குப் போனார் என்று விசாரித்தும் தெரியவில்லை. வெள்ளைத் துணி விரித்த அந்த டேபிளில் மிச்சம் இந்த அம்புகள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும். என் மேல் ஒட்ட வேண்டிய அம்பைக்கூடத் தாராளமாக ஒட்டிவிட்டுப் போகட்டும். நான் பிய்க்க மாட்டேன்.