வகுப்புக்கே ஒரே அப்பா

பிள்ளைகளைச் சொந்த அனுபவத்தை எழுதச் சொல்லிவிட்டு, அந்த அனுபவத்துக்கே மார்க் போடுவதுதான் எங்கள் பிழைப்பு. கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ‘பண்பாடும் உலகப் பிரச்சினைகளும்: என் பார்வையில்’ என்று வருஷா வருஷம் ஒரு கட்டுரை எழுதி வாங்க வேண்டும். கட்டுக் கட்டாகத் தாள்களை வீட்டுக்குச் சுமந்துபோய், குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே திருத்துகிற உங்களுக்கெல்லாம் என் பாடு புரியும்.

இந்த வருஷம் எனக்குக் கூடுதலாக ஒரு வருத்தம். வடக்கனந்தலிலிருந்து வரும் அமுதா என்ற பெண்ணின் கட்டுரையில் ‘நகல்’ என்று சிவப்பு மையில் எழுதி முட்டை போட்டுவிட்டார்கள். இதில் தேறாவிட்டால் அவளுக்குப் பட்டம் கிடையாது. அவள் விஷயத்துக்கு வருவதற்கு முன், நாங்கள் எதையெல்லாம் வாசித்து மார்க் போடுகிறோம் என்று கொஞ்சம் கேளுங்கள்.

உருகிய பனிமலை

ஒரு வருஷம் களமருதூர்ப் பையன் ஒருவன் பருவநிலை மாற்றம் பற்றி எழுதியிருந்தான். ‘வடதுருவத்தில் பனிமலைகள் உருகுவதைக் கண்டு நான் மிகவும் மனம் வருந்தினேன்’ என்று ஆரம்பம். எங்கே கண்டாய் என்று கேட்டேன். போனில் என்றான். அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை கொட்டி, கொள்முதல் நிலையத்து வாசலில் அவர்கள் குவித்துவைத்த நெல் அப்படியே முளைவிட்டது எனக்குத் தெரியும். அவனே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றவன். அவன் அப்பா அதற்குப் பிறகு பல நாள் யாரோடும் பேசவில்லை என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான்.

“அதை எழுதக் கூடாதாப்பா?” என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தான். “அது எங்க வூட்டுப் பிரச்சினை மேம். நீங்க உலகப் பிரச்சினைதான கேட்டீங்க?”

தேர் திரும்பும் இடம்

பண்பாடு என்றால் திருவிழா. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஒரே ஊரைச் சேர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஒரே தேர்த் திருவிழாவை எழுதியிருந்தார்கள். பையன் நிலம் நீச்சு உள்ள வீடு. ‘எங்கள் தேர் எல்லாத் தெருவுக்கும் வந்து எல்லோருக்கும் அருள்பாலிக்கும்’ என்று எழுதியிருந்தான். அந்தப் பெண்ணின் வீட்டில் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ‘எங்கள் தெரு முனையில் தேர் திரும்பிவிடும், நாங்கள் அங்கே நின்று கும்பிட்டுக்கொள்வோம்’ என்று அவள் எழுதியிருந்தாள். புகார் மாதிரியே இல்லை, மழை பெய்தது, வெயிலடித்தது என்பதுபோல ஒரே ஒரு வரி.

இரண்டு தாளும் அடுத்தடுத்து என் கையில் வந்தன. பையனைத் தனியாகக் கூப்பிட்டு, எல்லாத் தெருவுக்கும் வருமா என்று கேட்டேன். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அவன். ரொம்ப நேரம் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் சிறுத்துப்போனது. “தேர் எந்த எடத்துல திரும்புதுன்னு நான் பாத்ததே இல்ல மேம். நான் வடத்த இழுத்துக்கினு இருந்தேன்.”

ஈரத் துண்டு

இந்த முறை கட்டைப் பிரித்ததும் முதல் தாளில் ஒரு பெரியப்பா துபாயில் கட்டட வேலை செய்துகொண்டிருந்தார். வெயில் தாங்காமல், ஹெல்மெட்டுக்குள் ஈரத் துண்டை மடித்து வைத்துக்கொள்வாராம். வீட்டுக்கு வீடியோ கால் பேசும்போது துண்டிலிருந்து கன்னத்தில் தண்ணீர் வழியும். அழுகிறீர்களா என்று வீட்டில் கேட்பார்கள். துண்டுத் தண்ணீர் என்பார். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. அடுத்த தாளில் ஒரு மாமா, அதே துபாய், அதே துண்டு. அதற்கடுத்ததில் சித்தப்பா. கொஞ்சம் கெட்டிக்காரன் ஒருவன் ஊரை மாற்றி, லண்டன் பனியில் தன் மச்சானை ஈரத் துண்டோடு நிற்க வைத்திருந்தான். அந்த மச்சானுக்கு ஜன்னி கண்டிருக்கும்.

கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் போய் விசாரித்தேன். நான் இந்தக் கல்லூரிக்கு வருவதற்கு முன்னால் வடக்கனந்தல் பையன் ஒருவன் எழுதிய கட்டுரையாம். முதல் மார்க் வாங்கியதால் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாராம் கடைக்காரர். கேட்கிறவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது தப்பில்லையா என்றேன். அவர் மிஷினிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “இன்னா மேடம் தப்பு? அத எழுதுன பையன் பாசாயி துபாய்க்கே போய்ட்டான். ராசியான கட்டுர.”

யாருடைய அப்பா

எங்கள் கட்டுரைகளை வேறு கல்லூரி ஆசிரியர் ஒருவரும் பார்ப்பார். அவர் துண்டைக் கண்ட இடத்திலெல்லாம் ‘நகல்’ என்று போட்டுத் தள்ளிவிட்டார். அமுதாவின் தாளும் அதில் போயிற்று. மற்றவர்கள் பெரியப்பா, மாமா என்று உறவை மாற்றியிருக்க, அவள் மட்டும் அப்பா என்று எழுதியிருந்தாள். கடைசிப் பத்தியில் ஜெராக்ஸில் இல்லாத ஒரு வரியும் இருந்தது: ‘இப்போது போனில் இரண்டு துண்டு தெரிகிறது.’ அந்த ஆசிரியர் கடைசிப் பத்திவரை போகவில்லை. ஏன் போகவில்லை என்று அவரைக் கேட்கவும் முடியாது. துண்டு துண்டாகப் படித்து அவருக்கும் அலுத்திருக்கும்.

அமுதாவைக் கூப்பிட்டேன். இரண்டாவது துண்டு யார் என்று கேட்டேன். அண்ணன் என்றாள். ஜெராக்ஸ் கட்டுரையை எழுதியது அவன்தான். நான் துறைத்தலைவரிடம் ஓடினேன். நல்ல மனுஷர். முழுவதும் கேட்டுக்கொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். “நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும்மா. ஆனா இந்தப் பொண்ணுக்கு மட்டும் மார்க் போட்டா, நாளைக்கு வகுப்பு மொத்தமும் அது எங்க அப்பாதான்னு வந்து நிக்கும்” என்றார். எல்லோரும் வேறு விஷயத்தில் மறுபடி எழுதித் தரலாம் என்று ஒரு வழி செய்தார். அதற்குமேல் அவரால் ஆகவில்லை. என்னாலும் ஆகவில்லை.

அதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. “எங்க அப்பாவ எல்லாரும் எடுத்துக்கிட்டாங்க. வேற அப்பாவுக்கு நான் எங்க மேம் போறது?”

மறு கட்டுரை

மறுநாள் மதியம் எங்கள் ஆசிரியர் அறையிலேயே, என் எதிரில் உட்கார்ந்து எழுதினாள். உன் ஊரைப் பற்றி எழுது, உன் படிப்பைப் பற்றி எழுது என்று நான் என்னென்னமோ சொல்லிப் பார்த்தேன். தலையைத் தலையை ஆட்டினாள். பேனா வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. எழுத்து மணிமணியாக இருந்தது. அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை. முதல் கட்டுரையில் எத்தனை இடத்தில் அடித்து அடித்து எழுதியிருந்தாள் என்பது எனக்கு நினைவு வந்தது.

நீட்டினாள். ‘வடதுருவத்தில் பனிமலைகள் உருகுவதைக் கண்டு நான் மிகவும் மனம் வருந்தினேன்.’ நான் தலை நிமிர்வதற்குள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். வடக்கனந்தல் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. “இதுல எங்க அப்பா இல்ல மேம். இப்போ மார்க் போட்டுடுவாங்க இல்ல?”

போட்டுவிட்டார்கள், நல்ல மார்க்கே போட்டார்கள். சொந்த அனுபவத்தைத் தவிர வேறு எதை எழுதினாலும் தேறிவிடக்கூடிய ஒரு சொந்த அனுபவக் கட்டுரையைத்தான் நான் நடத்திக்கொண்டிருக்கிறேன்.