கதைக்காத வீடியோ கோல்

இங்கே எங்கள் வகுப்பு ஒரு கிண்ணத்தின் ஓசையோடுதான் தொடங்கும். ரொறொன்ரோவில் தாதியர் படிப்புச் சொல்லித்தரும் ஆசிரியை ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டுவார். எல்லோரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். மைன்ட்ஃபுல்னஸாம். முதல் நாள் அந்த ஓசை கேட்டதும் என் இரண்டு கைகளும் தாமாகத் தலைக்கு மேலே குவிந்துவிட்டன. எங்கள் ஊர் மருதனார்மடத்தில் கோயில் பூசை மணி கேட்டு வளர்ந்த கைகள் வேறென்ன செய்யும்? "கேள்வி ஏதும் இருக்கிறதா?" என்றார் ஆசிரியை. இல்லையென்றேன். "அப்படியானால் அவசரமாக வெளியே போகவேண்டுமா?" என்று கதவைக் காட்டினார்.

மூச்சில் மனம் நிற்கவில்லை. போனுக்கே ஓடியது. நான் பார்ப்பதெல்லாம் ஊர் ரீல்ஸ்தான்: தேர், சந்தையில் கத்தரிக்காய்ப் பேரம், வேலிகளுக்கு நடுவே வெள்ளம் நிற்கும் ஒழுங்கை. பெருவிரலைத் தள்ளத் தள்ள ஊர் வந்துகொண்டேயிருக்கும். புத்தகம் அதே பக்கத்தில் கிடக்கும். உடற்கூற்றியலில் கோட்டைவிட்டேன். மறுபரீட்சையிலும் விட்டால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் அதற்கு அடுத்த ஏ.எல். படிக்கும் தங்கச்சி துளசியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் உந்த ரீல்ஸ் வருத்தம்தான் அண்ணை. கனடாக்காரர் வாசலிலை ஸ்னோ அள்ளுறதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறன்."

"அதிலை என்னடி கிடக்கு?"

"நீங்கள் பார்க்கிற கத்தரிக்காயிலை என்ன கிடக்கு?"

யோசனை அவளுடையதுதான். இங்கே காலை, அங்கே பொழுதுபடும் நேரம். வீடியோ கோல் எடுத்து, போனைப் புத்தகத்துக்கு எதிரே சாத்திவைத்துவிட்டு இருவரும் படிப்பது. கதைக்கக்கூடாது. வகுப்பில் பழகிய மூச்சுப் பயிற்சியை முதலில் அவளோடு சேர்ந்து செய்தேன். "நித்திரை வருது அண்ணை" என்றாளே தவிர, விடவில்லை. எனக்கும் மெல்ல மெல்ல மனம் நின்றது. கோலுக்கு நடுவே ரீல்ஸ் பக்கம் போகமுடியாதென்றில்லை. ஆனால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "அண்ணை, கண் எங்கை மேயுது?" என்று ஒரு சத்தம் வரும். வெட்கப்பட்டுப் பாடத்துக்குத் திரும்புவேன்.

மறுபரீட்சையில் தேறிவிட்டேன். கோலை நாங்கள் நிறுத்தவில்லை.

இன்று காலை ஒரு அத்தியாயத்துக்குள் முழுதாக ஆழ்ந்திருந்தேன். திடீரென்று தகரத்தில் மழை கொட்டியது. கொடியில் காயும் உடுப்பை எடுக்க எழும்பி ஓடிப் பல்கனிக் கதவைத் திறந்தேன். பனியின் மேல் வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

மேசையிலிருந்து துளசியின் சிரிப்புக் கேட்டது. "மழை இங்கை அண்ணை! உடுப்பை நான் எடுக்கிறன். உங்கை வெயிலெல்லோ, இருந்து படியுங்கோ."

அவள் எழுந்து போய்விட்டாள். போனுக்குள் எங்கள் வீட்டுத் தகரத்தில் மழை ஓயும்வரை, கண் கூசும் அந்தப் பனியைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றேன்.